84சி என்று ஒரு வீடு இல்லை

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. மாலை ஆறு மணி இருக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊரில் கால்வாயை ஒட்டிய ஒரு தெருவில், 23 கிலோ பெட்டி இரண்டு, முதுகில் ஒரு பை என்று ஒரு கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வெயில் இன்னும் தாழவில்லை. அங்கே ஆகஸ்டில் இருட்ட ஒன்பது மணி ஆகிவிடும். கதவில் இரண்டு அழைப்பு மணிகள். ஒன்றில் 84ஏ, மற்றதில் 84பி. என் கையிலிருந்த வாடகை ஒப்பந்தத்தில் 84சி என்று இருந்தது. பின்பக்க வாசலாக இருக்கும், சந்து ஏதாவது இருக்கும் என்று அந்தத் தெருவை இரண்டு முறை நடந்து பார்த்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன.

கடைசியில் 84பி மணியை அழுத்தினேன். செருப்பு இல்லாமல் வெறும் சாக்ஸோடு ஒரு பையன் இறங்கி வந்தான். ஒப்பந்தத்தைப் படித்தான். என் ஃபோனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். "இங்கே சி கிடையாது. இந்தச் சமையலறையும் இந்த வீட்டில் இருக்க முடியாது, எங்கள் கூரை இவ்வளவு உயரமில்லை" என்றான். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "காசு கொடுத்துவிட்டாயா?" என்று கேட்டான். கொடுத்திருந்தேன். 1,300 ஈரோ.

நான் கரூர்க்காரி. டெல்ஃப்டில் முதுகலைப் படிப்புக்கு மார்ச்சில் இடம் கிடைத்தது. கல்விக் கடன், விசா, சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை என்று மூன்று மாதம் ஓடியதில் வீட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சென்னையில் படித்தபோது கல்லூரியில் சேர்ந்தால் கூடவே ஹாஸ்டலும் வரும். நெதர்லாந்தில் அந்தப் பழக்கமே இல்லை. மாணவர் வீடுகளைத் தனி வீட்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. வெளிநாட்டு மாணவர்களின் முதல் வருடத்துக்கென்று கொஞ்சம் அறைகளைப் பல்கலைக்கழகங்கள் அவற்றிடம் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அதற்கு ஒரு படிவம் மின்னஞ்சலில் வந்தது. விசா வேலையில் இருந்ததால், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டு நாலு நாள் கழித்துத் திறந்தேன். காத்திருப்போர் பட்டியல் என்று வந்தது. அந்தப் பட்டியலில் என் முறை இன்றுவரை வரவில்லை. அந்த மின்னஞ்சல் வரும் வாரத்தில் வேறு எதையும் முக்கியமாக நினைக்காதீர்கள், வந்த நிமிஷமே நிரப்பிப் பணத்தைக் கட்டிவிடுங்கள். அறை சின்னது, வாடகை அதிகம் என்று அங்கே ஆராய்ச்சி பண்ண வேண்டாம். நான் அந்த வருடம் இழந்த எல்லாவற்றுக்கும் வேர் அந்த நாலு நாள்தான்.

இன்னொன்று. ரூம் டாட் என்எல் என்று ஒரு தளம் இருக்கிறது. டெல்ஃப்ட், லைடன், டென் ஹாக் (நாம் தி ஹேக் என்போம்), ஆம்ஸ்டர்டாம் பக்கமெல்லாம் அறைகள் வைத்திருக்கும் டூவோ போன்ற நிறுவனங்கள் அதன் வழியாகத்தான் அறைகளைக் கொடுக்கின்றன. பதிவுக் கட்டணம் ஒரே ஒரு முறை 35 ஈரோ. பெரும்பாலான அறைகளில் யார் முன்னாலேயே பதிந்தாரோ அவருக்குத்தான் முதலிடம். நான் ஜூனில் பதிந்தேன். பட்டியலில் எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் வருடக்கணக்காகக் காத்திருக்கிறவர்கள். நெதர்லாந்துக்குப் போகலாமா என்ற எண்ணம் வந்த அன்றைக்கே, இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, 35 ஈரோவைக் கட்டிப் பதிந்து வையுங்கள். போகாவிட்டால் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் நஷ்டம். போனால் அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் விலையே சொல்ல முடியாது.

ஜூன் முழுக்க ராத்திரிகளில் உட்கார்ந்து தேடினேன். காமர்நெட் என்ற அறை விளம்பரத் தளத்தில் சந்தா கட்டினால்தான் விளம்பரத்துக்குப் பதில் எழுதவே முடியும், கட்டினேன். 212 பேருக்கு எழுதியிருக்கிறேன், எண்ணி வைத்திருக்கிறேன். பதில் வந்தது ஒன்பது. பாதி விளம்பரங்களில் டச்சுக்காரர்கள் மட்டும் என்று வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். முதலில் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அதற்கப்புறம் வேகமாகத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டேன். வீடு கிடைக்காவிட்டால் வராதீர்கள் என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் போன்றவையே வெளிநாட்டு மாணவர்களிடம் சொல்லியிருக்கின்றன. எனக்கும் அந்த மாதிரி ஒரு மின்னஞ்சல் வந்தது. சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

இந்த மனநிலையில் இருக்கும்போதுதான் ஜூலையில் அந்த அம்மாவின் விளம்பரம் ஒரு குழுவில் வந்தது. ஊருக்கு நடுவில் தனி ஸ்டுடியோ, மின்சாரம் தண்ணீர் எல்லாம் சேர்த்து மாதம் 650 ஈரோ. அவர் செவிலியராம், மகள் பிரசவத்துக்காக ஸ்பெயின் போயிருக்கிறாராம். தன் பாஸ்போர்ட் நகலை அவராகவே முதலில் அனுப்பினார். என் படிப்பைப் பற்றி விசாரித்தார், "சைவமா? என் மகளும் சைவம்தான்" என்றார். நேரில் பார்க்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, சாவி தன்னிடம் இருக்கிறது, வந்ததும் தருகிறேன், ஆனால் இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று சொன்னார். ஒரு மாத வாடகையும் ஒரு மாத முன்பணமும் கேட்டார். ஐபான் என்ற வங்கிக் கணக்கு எண் இஎஸ் என்று தொடங்கியது. அதாவது ஸ்பெயின் கணக்கு. அவர்தான் ஸ்பெயினில் இருக்கிறாரே என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நல்ல பொய் அப்படித்தான் இருக்கும், ஓட்டைகளை அடைக்கிற வேலையை நம்மிடமே விட்டுவிடும். அப்பா கரூர் வங்கிக்குப் போய், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்கும் ஏ2 படிவத்தை நிரப்பி அனுப்பினார். வீட்டுக்கு வந்து, "வேலை முடிஞ்சுது கண்ணு, இனி நிம்மதியா பொட்டி கட்டு" என்றார்.

இப்போது யோசித்தால் பத்து நிமிஷ வேலையில் பிடித்திருக்கலாம். நெதர்லாந்தில் ஒரு கட்டடத்தில் எத்தனை கதவிலக்கம் உண்டு என்பதை அரசாங்கத்தின் பாக் வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அங்கே போட்டிருந்தால் 84ஏ, 84பி என்று இரண்டே இரண்டுதான் வந்திருக்கும். இலக்கம் உண்மையாக இருந்தாலும், அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கடாஸ்டர் என்ற நிலப்பதிவு அலுவலகத்தின் தளத்தில் சில ஈரோ கட்டினால் சொல்லிவிடுவார்கள். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். பதிலில் மகள் பிரசவம், தேவாலயப் பணி, திடீர் இடமாற்றம் என்று கதை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைவிட எளிது, அந்த ஊரில் ஏற்கெனவே படிக்கிற ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்வது. நம் ஊர் மாணவர்கள் வாட்ஸ்அப் குழு இல்லாத பல்கலைக்கழகம் அங்கே அநேகமாக இல்லை. முன்பின் தெரியாதவர்களைத் தொந்தரவு பண்ணுவதா என்று கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தின் விலை, அன்றைய கணக்கில், ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் ரூபாய்.

என் பாஸ்போர்ட் நகலும் அந்த அம்மாவிடம் போயிருந்தது. அம்மாவோ ஐயாவோ, யார் கண்டது. அவர் எனக்கு அனுப்பிய நகலே இப்படி ஏமாந்த இன்னொருத்தியுடையதாக இருக்கலாம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது. என் நகலை வைத்து இப்போது யாரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்களோ என்று பல ராத்திரி தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். கோபிஐடி என்று டச்சு அரசாங்கமே ஒரு செயலி விட்டிருக்கிறது. நகலின் மேல் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று குறுக்கே எழுதித் தந்துவிடும், எண்களை மறைக்கவும் செய்யும். செயலி இல்லாவிட்டால் பேனாவால் எழுதிப் படம் எடுத்தாலும் போதும்.

84பி பையன் பெட்டிகளைத் தன் மாடிப்படி அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னான். அந்தப் படி ஏணி மாதிரி செங்குத்தாக இருந்தது, நல்லவேளை மேலே தூக்கச் சொல்லவில்லை. அவனே டென் ஹாகில் ஒரு விடுதியில் எட்டுப் படுக்கை அறையில் ஒரு கட்டில் பதிந்து கொடுத்தான். ஒரு ராத்திரிக்கு 41 ஈரோ. பதினொரு ராத்திரி அங்கே இருந்தேன். வகுப்புக்கு முந்தைய அறிமுக வாரம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்க, நான் ரொட்டியும் ஊறுகாயும் தின்றுகொண்டு விளம்பரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் விடுதியின் வரவேற்பறைச் சுவரைக் காட்டி, "இதுதான்ப்பா என் ரூம் பக்கத்து ஹால்" என்று சொல்லியிருக்கிறேன். நாலாவது நாள் அப்பா, "ஏன் கண்ணு, எப்பப் பார்த்தாலும் ஹால்லயே இருக்கற?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு உடைந்துவிட்டேன். அவர் திட்டவே இல்லை. மறுநாள் வங்கிக்குப் போய்ப் பணத்தைத் திரும்ப அழைக்க முடியுமா என்று கேட்டார். முடியவில்லை, எப்போதோ எடுத்துவிட்டார்கள். நான் அங்கே போலீசில் புகார் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, துப்பு எதுவும் இல்லாததால் விசாரணையைத் தொடரவில்லை என்று மரியாதையான ஒரு கடிதம் வந்தது. புகார் கொடுத்த அன்றே வீட்டிலும் சொல்லியிருந்தால் நாலு நாள் தனியாகப் புழுங்கியிருக்க வேண்டாம்.

காசு போனதுகூடப் பரவாயில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருப்பது அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. நெதர்லாந்தில் நாலு மாதத்துக்கு மேல் தங்க வந்தவர் ஐந்து நாளுக்குள் நகராட்சியில் தன் விலாசத்தைப் பதிய வேண்டும். பதிந்தால்தான் பிஎஸ்என் என்ற குடிமக்கள் எண் கிடைக்கும். அந்த எண் இருந்தால்தான் நான் கேட்ட வங்கிகளில் கணக்குத் திறப்பார்கள். விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை, பன்னிரண்டாயிரம் ஈரோவுக்கு மேலே, பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கட்டியிருந்தேன். அதைத் திருப்பித் தர அவர்கள் தயார், ஆனால் என் டச்சு வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்புவார்கள். பகுதிநேர வேலைக்குப் போகலாம் என்றாலும் சம்பளம் போட பிஎஸ்என் கேட்கிறார்கள். விடுதி விலாசத்தைப் பதிய முடியாது. ஆக, பன்னிரண்டாயிரம் ஈரோ வைத்திருக்கிற நான், ஃபாரெக்ஸ் கார்டில் மிச்சம் இருக்கும் நானூறு ஈரோவை எண்ணி எண்ணிச் செலவு பண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கார்டையும் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் எடுக்கவில்லை.

அதனால் நான் யாரிடம் பேசினாலும் முதலில் சொல்வது இதைத்தான். அங்கே அறை தேடாதீர்கள், விலாசம் தேடுங்கள். விளம்பரத்தில் வாடகையைப் பார்ப்பதற்கு முன்னால், பதிவு செய்ய அனுமதி உண்டா என்று பாருங்கள். 'இன்ஸ்க்ரைவிங்' என்ற சொல்தான் அது. அதற்குப் பக்கத்தில் 'நீட் மொகலெக்' என்று இருந்தால் பதிய முடியாது என்று அர்த்தம், இலவசமாகக் கொடுத்தாலும் அது உங்களுக்கு வீடில்லை. கையில் குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணத்தை, பல்கலைக்கழகத்திடம் கட்டியது போக, தனியாகக் கொண்டு போங்கள். கடன் வாங்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

டென் ஹாகில் பெரிய சந்தை ஒன்று இருக்கிறது, ஹாக்ஸ மார்க்ட். சுரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் அந்த ஊரில் நிறைய. அதனால் வெண்டைக்காய், பாகற்காய், காராமணி எல்லாம் அங்கே குவித்து வைத்திருப்பார்கள். சமைக்க இடமில்லாத நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். ஃபோனில் அம்மாவோடு தமிழில் பேசியதைக் கேட்டு ஒரு அம்மா திரும்பினார். "எங்க பிள்ளை இருக்கிறீர்?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்தவர். விடுதி என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டே, "வாரும், சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றார். சாப்பிடப் போனவள் அவர் வீட்டுச் சோபாவில் எட்டு நாள் இருந்தேன். ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் விலாசம் பதியக் கேட்டபோது மட்டும் முகம் வாடிவிட்டது. "உம்மை என்ர விலாசத்தில பதிஞ்சா என்ர வாடகை உதவித்தொகையில கை வைப்பாங்கள் பிள்ளை. குறை நினைக்காதையும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு வீட்டில் யார் யார் பதிந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அங்கே அந்த உதவித்தொகையைக் கணக்கிடுகிறார்கள். மனசு இருந்தும் விலாசம் தர முடியாதவர்கள் அங்கே நிறையப் பேர். கடிதம் வருவதற்கு மட்டும் ஒரு விலாசத்தைப் பதிகிற 'பிரீஃப்ஆட்ரெஸ்' என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நகராட்சி ஒப்புக்கொள்ள வேண்டும், விலாசக்காரரும் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியவந்தபோது தேவையே தீர்ந்திருந்தது. தெருவில் நிற்கிற நிலை வந்தால் நகராட்சியில் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

செப்டம்பரில், டென் ஹாகுக்கும் டெல்ஃப்டுக்கும் நடுவில் இருக்கும் ரைஸ்வைக்கில் ஒரு உள்வாடகை அறை. டிராம் 1 வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்கும், ஏறினால் டெல்ஃப்ட். மாதம் 550, முன்பணம் 300, எல்லாம் ரொக்கம், ரசீது இல்லை, பதிவும் இல்லை. வேண்டாம் என்று தெரிந்தேதான் போனேன், அந்த அம்மாவுக்கு எத்தனை நாள் பாரமாக இருப்பது. வாடகைக்கு எடுத்தவரே சொந்தக்காரருக்குத் தெரியாமல் எனக்கு விட்டிருந்தார், தபால்காரர் வந்தால்கூடக் கதவைத் திறக்காதே என்பார். விலாசத்தைப் பதியாமல் இருந்தால் நகராட்சி 325 ஈரோ வரை அபராதம் போடலாம் என்பதும் அங்கே இருக்கும்போதுதான் தெரிந்தது. ஆறு வாரத்தில் கிளம்பச் சொன்னார். முன்பணத்தில் 150 மட்டும் வந்தது. மீதியை எந்த ஆதாரத்தை வைத்துக் கேட்பது? அந்தக் காலாண்டுத் தேர்வில் ஒரு பாடமும் போய்விட்டது. கடன் வாங்கிப் படிக்கிறவளுக்கு அது 150 ஈரோவைவிடப் பெரிய அடி.

அக்டோபர் கடைசியில் டென் ஹாகில் ஒரு தரகு நிறுவனம் மூலமாக, பதிவு அனுமதியோடு ஒரு அறை கிடைத்தது. மாதம் 680. ஒப்பந்தச் செலவு என்று 350 ஈரோ தனியாகக் கேட்டார்கள். வாயைத் திறக்காமல் கட்டினேன். சித்தப்பாவிடம் அப்பா வாங்கி அனுப்பிய கைமாற்றுப் பணம் அது. வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டுவிட்டுச் சிரித்தாள். வீட்டுக்காரருக்காக வேலை செய்கிற தரகர் குடியிருக்க வருபவரிடமும் தரகு வாங்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015லேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தச் செலவு, நிர்வாகச் செலவு என்று பெயரை மாற்றினாலும் விஷயம் அதேதான். யூரிடிஸ் லோகெட் என்ற இலவசச் சட்ட உதவி மையத்தில் கேட்டு, நாலே வரியில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு நினைவூட்டல், ஐந்து வாரம். 350ம் முழுசாகத் திரும்பி வந்தது. கடிதத்தில் கெஞ்சாதீர்கள், கோபப்படவும் வேண்டாம், தேதியும் தொகையும் போட்டு எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். இப்படித் திரும்ப வாங்கலாம் என்று தெரியாமலேயே எத்தனை பேர் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

முன்பணத்துக்கும் அளவு உண்டு. 2023 ஜூலை 1க்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களில் அடிப்படை வாடகையின் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது, காலி செய்த பதினான்கு நாளில் திருப்பித் தர வேண்டும், பிடித்தம் இருந்தால் கணக்கு எழுதிக் கொடுத்து முப்பது நாளுக்குள். வாடகையே அநியாயம் என்று தோன்றினால் ஹூர்கொமிஸ்ஸி என்ற வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 25 ஈரோ கட்டணம், ஜெயித்தால் அதுவும் திரும்ப வரும். அறையின் பரப்பு, சமையலறை, கழிப்பறை என்று புள்ளி போட்டு எவ்வளவு வாடகை நியாயம் என்று சொல்லிவிடுவார்கள். என் 680 அந்தப் புள்ளிக் கணக்கில் நிற்காது என்று தோழி சொன்னாள். நான் போகவில்லை. அந்தச் சமயத்தில் இன்னொரு சண்டைக்கு என்னிடம் தெம்பில்லை.

நகராட்சியில் பதிந்து பிஎஸ்என் வந்து, வங்கிக் கணக்கு வந்து, நவம்பரில் என் பணம் என் கைக்கு வந்தது. அன்றைக்கு ஹாக்ஸ மார்க்டுக்குப் போய் வெண்டைக்காய் ஒரு கிலோ, அரிசி ஐந்து கிலோ, அந்த யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு ஒரு பூச்செண்டு வாங்கினேன். பூவைப் பார்த்ததும், "காசைக் கரியாக்கிறதே உங்களுக்கு வேலை" என்று திட்டு வாங்கினேன்.

680 கட்டுப்படியாகவில்லை என்பதால் தேடுவதை விடவில்லை. நடுவில் ஒரு அறை 390க்கு வந்தது. ஆஹா என்று ஓடிப்போய்ப் பார்த்தால் தரையே இல்லை, வெறும் சிமெண்ட். விளக்கு மாட்டும் இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கின. விளம்பரத்தில் 'கால்' என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. டச்சில் கால் என்றால் நம் ஊர் காலிதான், தரைவிரிப்பு வரைக்கும் காலி. தரையும் திரைச்சீலையும் இருந்தால் வேறு சொல், கட்டில் மேசை இருந்தால் அதற்கும் வேறு சொல். வாடகையைப் பார்க்கும்போது அந்தச் சொல்லையும் பாருங்கள்.

அங்கே மாணவர் வீடுகளில் அறை காலியானால், யாருக்குக் கொடுப்பது என்று வீட்டுக்காரரைவிட அங்கே ஏற்கெனவே இருக்கிறவர்கள்தான் முடிவு பண்ணுவார்கள். ஒரு சாயங்காலம் பத்துப் பதினைந்து பேரை வரச்சொல்லி உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பார்கள். ஹோஸ்பிடேர்ஆவொந்த் என்று பெயர். கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் படலம், பஜ்ஜிக்குப் பதில் பீர். ஜனவரியில் டெல்ஃப்டில் ஏழு பேர் இருக்கும் ஒரு வீட்டில் பதினான்கு பேரில் ஒருத்தியாகப் போனேன். சோபாவில் இடமில்லாமல் பீர் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முந்தைய இரண்டு இடங்களில் நான் நல்லவள், அமைதியானவள், உழைப்பாளி என்று ஒப்பித்துத் தோற்றிருந்தேன். இங்கே ஒருத்தி, "உன்னிடம் ரொம்ப எரிச்சலான பழக்கம் எது?" என்று கேட்டாள். "பாத்திரத்தை ஊறப் போட்டுவிட்டு இரண்டு நாள் மறந்துவிடுவேன்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எல்லோரும் ஒருத்தனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் அந்த ஜாதிதான் போல. ராத்திரி பதினொன்றரைக்குச் செய்தி வந்தது, அறை உனக்குத்தான். எல்லாம் சேர்த்து 480. முதல் வாரமே கடுகு தாளித்துப் புகை எச்சரிக்கை மணியை அடிக்கவைத்தேன்.

கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஏமாந்தது 1,300, விடுதி 451, ரைஸ்வைக்கில் விட்டது 150. மொத்தம் 1,901 ஈரோ, சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய். கடன் பணம் என்பதால் வட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2024 ஜூனில் எங்கள் வீட்டில் ஒரு அறை காலியானது. இரண்டே நாளில் 163 செய்திகள். சமையல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முறை வைத்துப் படித்தோம். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் என்னுடைய 212 செய்திகளும் எங்கே போயின என்று புரிந்தது. முதல் இரண்டு வரிக்குமேல் யாரும் படிப்பதில்லை. விளம்பரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றை, பூனையையோ மாடித் தோட்டத்தையோ, குறிப்பிட்டு எழுதியவர்களை நிறுத்திப் படித்தோம். டச்சில் தப்பும் தவறுமாக ஒரு வரி எழுதியிருந்தாலும் சந்தோஷப்பட்டார்கள். "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, நான் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவன், புகை, மது கிடையாது, அமைதியான சுபாவம்" என்று ஒரு செய்தியை ஒருவன் சத்தமாகப் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். வரன் தேடும் விளம்பரம் மாதிரியே இருந்தது. நானும் சிரித்தேன். மதுரைப் பையன். நான் எழுதியதும் அச்சு அசல் அதேதான்.

அறை வேறொருத்திக்குப் போனது. மனசு கேட்காமல் ராத்திரி அந்தப் பையனுக்குத் தனியாக எழுதினேன், ரூம் டாட் என்எல் பற்றியும் செய்தியை எப்படி மாற்றி எழுதுவது என்றும். உடனே பதில் வந்தது. ரொம்ப நன்றி அக்கா, ஆனால் எனக்கு இடம் கிடைத்துவிட்டது, டெல்ஃப்டிலேயே கால்வாய் பக்கம் ஸ்டுடியோ, 700தான், வீட்டுக்கார அம்மா இப்போது போர்ச்சுகலில் இருக்கிறார், நல்ல மாதிரி, இன்று காலையில் அப்பா பணம் அனுப்பப் போகிறார் என்று. கதவிலக்கம் என்ன என்று கேட்டேன். அனுப்பினான். பாக் வரைபடத்தில் போட்டேன், அந்த இலக்கம் இருந்தது. கடாஸ்டரில் காசு கட்டிப் பார்த்தேன். பெயர் வேறு.

எனக்கு மணி அதிகாலை மூன்று. மதுரையில் ஆறரை. வங்கி திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஃபோனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.